துணைவேந்தர் நாற்காலி வா.செ.குழந்தைசாமியை விழுங்கிவிட்டதா? ஏற்காட்டிலிருந்து ஒரு பதில், பல தவணைகளில்

வாசகர் ஒருவரின் கேள்வி: வா.செ.குழந்தைசாமி பெரிய நீரியல் ஆராய்ச்சியாளர் என்று என் பேராசிரியர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் 1978-க்கு அப்புறம் மதுரை, சென்னை, டெல்லி என்று மூன்று பல்கலைக்கழகங்களில் துணைவேந்தராகவே அவர் காலம் போய்விட்டது. நல்ல ஆராய்ச்சியாளர் ஒருவரை ஃபைலில் கையெழுத்துப் போட வைத்து வீணாக்கிவிட்டோம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

2 ஜூலை 2023

மறுக்கிறேன். முழுசாக மறுக்க முடியுமா என்பது எழுதி முடித்தால்தான் தெரியும்.

நான் ஏற்காட்டில் பிறந்தவன். அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். நான் சிவில் படித்துவிட்டு ஏரி, வாய்க்கால், மதகு என்று தண்ணீர் வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றேன். 1981-ல் சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். வா.செ.கு. அண்ணா பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானதும் அதே 1981-ல்தான். என் பட்டச் சான்றிதழில் இருப்பது அவர் கையெழுத்து. அதனால் இந்தப் பேச்சில் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

3 ஜூலை, காலை

அவர் கண்டது என்ன என்று தெரியாமல் அது வீணானதா இல்லையா என்று பேச முடியாது. அதனால் முதலில் அது.

மலையில் மழை பெய்கிறது. ஓடையில் தண்ணீர் ஏறுகிறது, உச்சிக்குப் போகிறது, மெல்ல வடிகிறது. நேரத்தைக் கீழேயும் ஓட்டத்தைப் பக்கத்திலும் வைத்து வரைந்தால் ஒரு குன்று மாதிரி கோடு வரும். ஹைட்ரோகிராஃப் என்போம். 1932-ல் ஷெர்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு சுலபமான வழி சொன்னார். ஒரு அலகு மழை வழிந்தோடினால் என்ன குன்று வரும் என்று தெரிந்து வைத்துக்கொள். இரண்டு அலகு மழைக்கு அதன் உயரத்தை இரண்டால் பெருக்கு, ஐந்துக்கு ஐந்தால் பெருக்கு. இதுதான் யூனிட் ஹைட்ரோகிராஃப். எத்தனையோ பாலங்களும் மதகுகளும் இந்தக் கணக்கை நம்பிக் கட்டப்பட்டவை. இன்றைக்கும் சிவில் படிப்பவர்கள் இதைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

ஆனால் ஓடை அப்படி நடந்துகொள்வதில்லை. தண்ணீர் ஆழமாக ஆழமாக வேகமும் கூடும். மழை இரட்டித்தால் உச்சி இரட்டிப்பையும் தாண்டும், சீக்கிரமாகவும் வந்துவிடும். மலையடிவாரத்தில் மாடு மேய்ப்பவருக்கும் இது தெரியும். தெரிந்ததைக் கணக்கில் பிடிப்பதுதான் கஷ்டம். வா.செ.கு. 1964-ல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் ஆய்வு இதைப் பற்றியதுதான். படுகையில் (ஓடைக்கு மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பில்) தேங்கி நிற்கும் நீர், உள்ளே வரும் மழை, வெளியே போகும் ஓட்டம், அவை மாறும் வேகம் எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். அந்தச் சமன்பாட்டின் கெழுக்கள், அதாவது பெருக்கும் எண்கள், ஓட்டத்தின் அளவைப் பொறுத்து மாறும் என்பதுதான் அதன் உயிர். 1971-ல் வென் தே சௌ என்ற பெரிய நீரியல் பேராசிரியரோடு சேர்ந்து அதைப் பொது மாதிரியாக வெளியிட்டார். சௌ எழுதிய பாடப்புத்தகத்திலேயே இரண்டு பெயரும் சேர்ந்து வரும்.

எங்கள் வகுப்பில் இந்தப் பெயர் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கரும்பலகையில் அதுவரை ஷெர்மன், ஹார்ட்டன், நாஷ், கிளார்க். திடீரென்று குழந்தைசாமி. கடைசி பெஞ்ச் வரை எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். "கரூர் பக்கம்தான்" என்றார் ஆசிரியர். வேறொன்றும் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது.

3 ஜூலை, இரவு

காலையில் எழுத மறந்தது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் விழும் மழையில் ஒரு பங்கு திருமணிமுத்தாறாக இறங்கி, சேலம் ஊருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டம் தாண்டிக் காவிரியில் சேருகிறது. அங்கிருந்து காவிரி கரூர் மாவட்டத்தை ஒட்டித்தான் போகும். அவர் பிறந்த வாங்கலாம்பாளையம் அந்த மாவட்டத்தில்தான். இதற்கு ஆராய்ச்சி மதிப்பு எதுவும் கிடையாது. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

6 ஜூலை

எஸ்டேட்டில் மழைமானி எப்படி இருக்கும் என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். இதைப் பற்றி எழுத எனக்கு அலுக்காது.

பங்களாவுக்குப் பின்னால், மரம் எதுவும் கவியாத இடத்தில், ஒரு சிமென்ட் திட்டு. அதில் பதித்த உருளை. மேலே பித்தளை விளிம்பு வைத்த புனல், குறுக்களவு 127 மில்லிமீட்டர். அடியில் ஒரு பாட்டில். விளிம்பு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கும். அதற்கும் கீழே வைத்தால் தரையில் பட்டுத் தெறிக்கும் நீர் உள்ளே போகும், மேலே வைத்தால் காற்று மழையைத் தள்ளிவிடும். காலை எட்டரைக்கு அளக்க வேண்டும். இந்தியா முழுக்க அந்த நேரம்தான்.

அப்பா எட்டு இருபதுக்கே போய் நின்றுவிடுவார். முதலில் புனலில் சில்வர் ஓக் இலை ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் துளியையும் உள்ளே உதறுவார். பாட்டிலை எடுத்து அளவுக் கிளாஸில் ஊற்றுவார். கிளாஸைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடிப்பார். தண்ணீர் ஓரத்தில் கொஞ்சம் ஏறி நடுவில் பள்ளமாக நிற்கும் இல்லையா, அந்தப் பள்ளத்தின் அடியைத்தான் படிக்க வேண்டும். ஓரத்தைப் படித்தால் கூடுதலாக வரும். படிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். பனி நாளில் மூச்சுக்காற்று பட்டால் கிளாஸ் மங்கிவிடும். அப்புறம் நோட்டில் எழுதுவார். அரசாங்கத்துக்கு மில்லிமீட்டர். எஸ்டேட்டுக்கு இஞ்சும் சென்ட்டும், இஞ்சில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். "ஒரு இஞ்சு இருபது சென்ட்" என்று சொன்னால்தான் காபிக்காரர்களுக்கு மழை கண்ணில் தெரியும்.

பாட்டில் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான் கொள்ளும். புயல் ராத்திரிகளில் நடுவில் எழுந்து போய் ஒரு தடவை அளந்துவிட்டு வருவார். டார்ச்சை நான் பிடிப்பேன்.

அவர் எட்டாம் வகுப்பு. 1961-லிருந்து 1989 வரை ஒரு நாள் விடாமல் எழுதினார். மழை இல்லாத நாளுக்கும் ஒரு சைபர் இருக்கும்.

8 ஜூலை: ஒரு திருத்தம்

2-ஆம் தேதி எழுதியது தப்பு. இன்று டிரங்குப் பெட்டியைத் திறந்து சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். அது சென்னைப் பல்கலைக்கழகத்துப் பட்டம். அண்ணா பல்கலைக்கழகத்து முத்திரையோ வா.செ.கு. கையெழுத்தோ அதில் இல்லை. நாற்பது வருஷமாக இருப்பதாக நம்பியிருக்கிறேன், ஊரிலும் சொல்லியிருக்கிறேன்.

உண்மை இதுதான். அண்ணா பல்கலைக்கழகம் 1978-ல் தொடங்கியபோது அதில் நான்கே நிறுவனங்கள்: கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக் என்னும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி. சேலம், கோவை, நெல்லைக் கல்லூரிகள் எல்லாம் வேறு பல்கலைக்கழகங்களின் கீழ்தான் இருந்தன. மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளை எல்லாம் அண்ணாவோடு இணைத்தது 2001-ல். அவர் அந்த நாற்காலியை விட்டு 11 வருஷம் கழித்து.

என் பாத்தியதை போய்விட்டது. ஆனால் அவர் நடத்தியது எப்படிப்பட்ட பல்கலைக்கழகம் என்பது இப்போதுதான் புரிகிறது. நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்திக் கொடுக்கும் இடமாக அது அப்போது இல்லை. நான்கு வளாகம், ஆய்வு, பாடம். மூன்று தடவை தொடர்ந்து, 1990 வரை அங்கே இருந்தார். அந்தப் பல்கலைக்கழகம் பிறந்து மூன்று வருஷத்தில் வந்து, அதன் பிள்ளைப்பருவம் முழுக்க உடனிருந்திருக்கிறார். நிர்வாகத்தில் அதை வளர்ப்பு என்றுதான் சொல்லுவேன், கையெழுத்து என்று இல்லை.

9 ஜூலை

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "மாதிரி சரி. அதை யார் பயன்படுத்தினார்கள்? உங்கள் வேலையில் பயன்படுத்தினீர்களா?"

இல்லை. சொல்லத்தான் வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருஷம். மலையடிவாரத்தில் ஒரு ஓடைக்குக் குறுக்கே சிறு பாலம், மூன்று கண். அந்த ஓடையில் முன்பு ஒரு 5 சென்டிமீட்டர் மழைக்கு எவ்வளவு ஓடியது என்று அளந்த குறிப்பு கையில் இருந்தது. பாலத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்ன மழை 10 சென்டிமீட்டர். என் மேலதிகாரி "இரண்டால பெருக்கிக்க" என்றார். எனக்கு வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தேன். "சின்னப் பாலத்துக்கு எதுக்கு அமெரிக்கா கணக்கு" என்று சொல்லிவிட்டார். பெருக்கினேன். படுகையின் பரப்பை வைத்து வெள்ளத்தைக் கணக்கிடும் ரைவ்ஸ் சூத்திரம் போட்டும் சரிபார்த்தோம், அதுவும் கிட்டத்தட்ட அதே அளவைக் காட்டியது. கையெழுத்தும் போட்டேன்.

பாலம் கட்டி மூன்றாம் வருஷம், ஐப்பசியில் ஒரு மாலை. நான் அங்கேயே இருந்தேன். மலை உச்சி கறுத்து அரைமணிகூட ஆகவில்லை. தண்ணீர் காபித் தொலியும் மண்ணும் கலந்து டீ நிறத்தில் வந்தது. கண் மூன்றும் நிறைந்தது. அப்புறம் பாலத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு சைக்கிள் போனது, பக்கத்துச் சோளக்காட்டில் பாதி போனது. மறுநாள் மழைக் கணக்கு வாங்கிப் பார்த்தேன். 10 சென்டிமீட்டர்கூட இல்லை. ஒன்பது சொச்சம்.

சோளக்காட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. "மலைத்தண்ணி அப்படித்தான் வரும், உங்களுக்குத் தெரியாதா" என்று மட்டும் கேட்டார். தெரியும். படித்தும் இருந்தேன்.

ஆக, கேட்டவருக்குப் பதில்: பயன்படுத்தாதது அந்தக் கணக்கின் குறை இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போக ஆள் இல்லை. அந்த ஆளாக நானாவது இருந்திருக்கலாம்.

10 ஜூலை

நேற்று எழுதியதைப் படித்தால் அது என் கட்சிக்கே எதிராக நிற்கிறது. ஆய்வைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்றால், முதல் ஆள் அவர்தானே? கிண்டியில் நீரியல் பேராசிரியராகவே இருந்து, வருஷத்துக்கு நாலு மாணவரைத் தயார்செய்து அனுப்பியிருந்தால்? 1971-ல் அந்தக் கட்டுரை வந்தபோது அவருக்கு வயது 42. மதுரைக்குத் துணைவேந்தராகப் போனபோது 49. ஆராய்ச்சிக்காரருக்கு அது நல்ல வயது.

இழப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டவருக்கு இந்தப் பாதியைக் கொடுத்துவிடுகிறேன்.

14 ஜூலை

இன்று அவர் பிறந்தநாள். 1929.

"துணைவேந்தர் பதவியே அறிஞர்களுக்கு ஆகாது" என்று ஒருத்தர் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்படி ஒரே வீச்சில் அடித்துவிட முடியாது. தமிழ்நாட்டில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் பாருங்கள். ஆ.லட்சுமணசாமி முதலியார் மகப்பேறு மருத்துவர், 1942-லிருந்து 1969 வரை 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத்தில். அந்தக் காலத்திலேயே உலக சுகாதார நிறுவனத்திலும் பொறுப்பு வகித்தார், நாட்டின் இடைநிலைக் கல்விக்கு 1952-ல் போட்ட குழுவுக்கும் தலைமை தாங்கினார். அவருக்கு அப்புறம் நெ.து.சுந்தரவடிவேலு, காமராஜர் காலத்தில் மதிய உணவுத் திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன அதே கல்வி இயக்குநர். அவருக்கு அப்புறம் 1975-ல் மால்கம் ஆதிசேசய்யா, யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்துவிட்டு வந்த பொருளாதாரக்காரர். மதுரையில் முதலில் தெ.பொ.மீனாட்சிசுந்தரம், அடுத்து மு.வ. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் வ.அய்.சுப்பிரமணியம்.

மு.வ. பதவியில் இருக்கும்போதே 1974 அக்டோபரில் போய்விட்டார், வயது 62. அதை நினைத்தால் மட்டும் நாற்காலி மேல் எனக்கும் கோபம் வரும்.

நான்கு வருஷம் கழித்து அதே மதுரை நாற்காலிக்குத்தான் வா.செ.கு. வந்தார். தமிழ்ப் பேராசிரியர்கள் இருந்த இடத்துக்கு ஒரு தண்ணீர்ப் பொறியாளர். ஆனால் அவரும் குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதியவர். 1988-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார், 'வாழும் வள்ளுவம்' என்ற திறனாய்வு நூலுக்கு. அந்த வருஷம் அவர் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்பதைக் கவனியுங்கள். ஃபைல் மட்டுமே பார்த்தவர் அந்தப் புத்தகத்தை எப்போது எழுதியிருப்பார்?

23 ஜூலை

அக்காவைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முடியாது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரைப் போடாதே, மத்ததை எழுது" என்றாள்.

அக்கா 1976-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். மேலே படிக்க மலையை விட்டு இறங்க வேண்டும். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸும் கம்மி. விடுதியில் விடப் பணம் இல்லை. அஞ்சு வருஷம் கழித்து நான் இறங்கினேன், ஆம்பளைப் பையன் என்று. அவள் பால்வாடியில் டீச்சராகப் போனாள். இந்த வித்தியாசத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

1991-ல் அவளுக்கு 31 வயது, ஒரு குழந்தை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருப்பதையும், பிளஸ் டூ படிக்காதவர்களும் முதலில் ஒரு ஆயத்தப் படிப்பு முடித்துவிட்டுப் பட்டத்துக்குச் சேரலாம் என்பதையும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சேர்ந்தாள். அப்போது அதன் துணைவேந்தர் யார் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 1985-ல் ஜி.ராம் ரெட்டி தொடங்கி வைத்த பல்கலைக்கழகம். 1990-லிருந்து 1994 வரை வா.செ.கு.

பாடம் தபாலில் வரும். பழுப்பு அட்டை போட்ட மெல்லிய புத்தகங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் குறிப்பெழுத இடம் விட்டிருக்கும். ஒரு கார்த்திகை மாதம் பார்சல் முழுக்க நனைந்து வந்தது, மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் பாதி வழியில் நின்ற நாள். அக்கா அந்தப் புத்தகங்களை ஒவ்வொரு தாளாகப் பிரித்து, அடுப்புக்கு மேலே காபிக்கொட்டை உலர்த்தும் தட்டில் பரப்பினாள். கடைசிவரை அந்தப் பொருளாதாரப் பாடத்தில் புகை வாசனை அடித்தது. பாடமெல்லாம் இங்கிலீஷ். மடியில் லிஃப்கோ அகராதி. ராத்திரி குழந்தை தூங்கினதும் உட்காருவாள். தூர்தர்ஷனில் காலையில் வரும் பாட நிகழ்ச்சிக்காகப் பக்கத்து லைன் வீட்டுக்குப் போவாள், எங்கள் வீட்டில் டி.வி. இல்லை.

பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பர் பரீட்சைக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன்பே எழுந்து, பனியில் கை எதிரில் தெரியாமல் ரோட்டுக்கு வருவோம். டார்ச் என் கையில். முன்பு அப்பாவுக்குப் பிடித்த அதே டார்ச்.

ஆறு வருஷம் ஆனது. பி.ஏ. வாங்கினாள்.

இப்போது கேட்டவருக்கு என் பதில். கிண்டியில் இருந்திருந்தால் அவர் நாற்பது நீரியல் மாணவர்களைத் தயார்செய்திருப்பார், ஒப்புக்கொண்டேன். ஆனால் அவர் போன இடத்தில் படித்தவர்களில் எங்கள் அக்காவும் ஒருத்தி. அந்தப் பல்கலைக்கழகத்தை அவர் தனியாளாகக் கட்டவில்லை, எத்தனையோ பேர் கட்டினார்கள். இருந்தாலும் அதன் முதல் பத்து வருஷத்தில் நாலு வருஷம் பொறுப்பு அவருடையது. கிராமத்திலிருந்து படித்து, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் முதுநிலை முடித்து, அமெரிக்கா போய்த் திரும்பிய ஒருத்தர், கல்லூரி வாசலையே பார்க்காதவர்களுக்கான பல்கலைக்கழகத்துக்கு அறுபத்தொன்றாம் வயதில் ஏன் போனார் என்பதை யோசித்துப் பாருங்கள். ஓய்வெடுத்திருக்கலாம்.

24 ஜூலை

நேற்று எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "ஆறு இல்லை, ஐந்தரை" என்றாள். திருத்திக்கொள்ளவும்.

19 ஆகஸ்ட்

ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகாது. எழுத்துச் சீர்திருத்தம்.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்து மாற்றத்தில் ஒரு பகுதியை ஏற்றது. ணா, றா, னா பழைய சுழி வடிவம் போனது. ணை, னை, லை, ளை ஆகியவற்றுக்கு முன்னால் இருந்த தும்பிக்கை மாதிரியான வளைவு போய், மற்ற எழுத்துகளுக்கு உள்ள அதே ஐகாரக் குறி வந்தது. வா.செ.கு. இதோடு நிறுத்தக்கூடாது என்றார். இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஏறிய எழுத்துகளுக்கும் தனிக் குறி கொண்டுவந்து பக்கத்தில் எழுத வேண்டும் என்று பல வருஷம் பேசினார், எழுதினார். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி அது பெரிய சர்ச்சையானது. நடைமுறைக்கு வரவில்லை.

வராதது எனக்கு நிம்மதி. காரணம் அப்பாவின் நோட்டுகள். 1978-க்கு அப்புறமும் அவர் தும்பிக்கை லைதான் போட்டார். "காலை 8.30" என்று ஒவ்வொரு நாளும் எழுதுவார், அதில் தும்பிக்கை இருக்கும். "மலையில் மூட்டம்" என்பதிலும் இருக்கும். ஆனால் மழை என்ற சொல் மட்டும் மாறவே இல்லை, ழை அந்தப் பட்டியலிலேயே கிடையாது. நோட்டு நெடுக மலை பழைய எழுத்து, மழை நம் எழுத்து. இதை இன்றைய பிள்ளைகள் தட்டுத்தடுமாறியாவது படித்துவிடுவார்கள். இன்னும் நான்கு வரிசை மாறியிருந்தால், 28 வருஷ மழைக் கணக்கு ஒரு தலைமுறையில் கல்வெட்டாகியிருக்கும். சைபரும் எண்ணும் மட்டும் புரியும்.

2 செப்டம்பர்

மறுயோசனை.

மகளும் பேத்தியும் லீவில் வந்திருந்தார்கள். பேத்திக்கு ஏழு வயது, அவர்கள் இருக்கும் ஊரில் பள்ளியில் தமிழ் இல்லை. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மழலைப் பாடம் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறாள். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்று 2001-ல் தொடங்கியபோது அதற்கு முதலில் தலைமை தாங்கியதும் இதே வா.செ.கு.தான். 71 வயதில்.

பாப்பா திண்ணையில் உட்கார்ந்து ஸ்லேட்டில் எழுதினாள். க, கா, கி, கீ வேகமாக வந்தது. கு, கூ என்றதும் நின்றாள். கு-வில் சுழி ஒரு மாதிரி, சு-வில் கால் கீழே இறங்குகிறது, து-வில் வேறு, மு-வில் வேறு. "தாத்தா, இதுக்கு ரூல் என்ன?" என்றாள். நான் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக எழுதுகிறேன், ஒரு ரூல் சொல்ல முடியவில்லை. ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யச் சொன்னேன். ஸ்லேட்டைக் கீழே வைத்துவிட்டாள். ஆறு எழுத்துதான் அன்றைக்கு.

நான் இங்கே நிம்மதி என்று எழுதி இரண்டு வாரம்தான் ஆகிறது. அவர் பார்த்தது இந்தக் குழந்தையை. நான் பார்த்தது அப்பாவின் நோட்டை. இன்றைக்கும் மாற்ற வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் தேவையில்லாமல் கிளப்பிவிட்டார் என்று இதுவரை நாலு பேரிடம் பேசியிருக்கிறேன், அதை வாபஸ் வாங்குகிறேன்.

இன்னொன்றும் தோன்றியது. தபாலில் வந்த பாடத்தை அக்கா அடுப்பில் காயவைத்தாள். பாப்பாவுக்கு அதே மாதிரியான வாசல் போனில் திறந்திருக்கிறது. இரண்டு வாசலிலும் ஒரே ஆள் நின்றிருக்கிறார். அவர் 2016 டிசம்பர் 10-ஆம் தேதி காலமான செய்தியைப் பேப்பரில் பார்த்தபோது இது எனக்குத் தெரியாது. நீரியல்காரர் போய்விட்டார் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினேன்.

11 செப்டம்பர்

கேள்வி கேட்டவர்: "சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சமன்பாடு? அதற்கு என்ன வழி?"

இதற்குத்தான் நேற்றெல்லாம் யோசித்தேன். அந்த மாதிரியைக் கரடுமுரடான சின்ன மலை ஓடையில் ஓட்டிப் பார்க்க மழைக் கணக்கு வேண்டும், ஓட்டக் கணக்கும் வேண்டும். ஓட்டக் கணக்கு என்னிடம் இல்லை. மழைக் கணக்கு 28 வருஷத்துக்கு, மரப்பெட்டியில், கரப்பான் அரித்ததுபோக மிச்சம் இருக்கிறது. நாள் மழைதான், மணிக்கணக்கு இல்லை. ஆனால் புயல் ராத்திரிகளில் அப்பா நடுவில் எழுந்து அளந்த நேரத்தையும் எழுதியிருக்கிறார். அந்த ராத்திரிகள்தான் வேண்டியவை. கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரிக்கு மலைத்தண்ணீர் எப்போது வந்து சேர்ந்தது என்று கேட்டால் சொல்லக்கூடிய பெரியவர்களும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்.

நோட்டுகளை டைப் செய்து தருகிறேன். நீர்வளம் படிக்கும் பிள்ளைகள் யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

1 அக்டோபர்

ஆரம்பித்தாயிற்று. அக்கா படிக்கிறாள், நான் டைப் செய்கிறேன். தினமும் காலை ஒரு மணி நேரம். அப்பாவின் ஏழும் ஒன்றும் எனக்குக் குழப்பும், அவளுக்குக் குழப்பாது. அவர் கையெழுத்தைப் பார்த்துத்தான் அவள் எழுதப் படித்தாள்.

1961, 62 முடிந்தது. 63-ல் இரண்டு மாதம் இல்லை.

17 அக்டோபர்

1978-க்கு வந்துவிட்டோம். எழுத்து மாறிய மாதம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்று அக்காவே சொன்னாள். பக்கத்தைத் திருப்பினோம். ஒன்றும் மாறவில்லை. அதே தும்பிக்கை, அதே சிவப்பு மை.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரி, அவள் படித்தபடியே:

"காலை 8.30. இரவு 1.10-க்கு ஒரு முறை எடுத்தது 2 இஞ்சு 85 சென்ட். காலை மேலும் 1 இஞ்சு 40. ஆக 4 இஞ்சு 25. மலையில் மூட்டம். பையன் டார்ச் பிடித்தான்."